மச்சம் இல்லாத பழம் வேணுமா, மருந்து இல்லாத பழம் வேணுமா?



பதிவு போட்டு ரெண்டு மாசமாச்சு. நடுவுல வாழை வெட்டு, ஐப்பசி மழை, வாய்க்கால் வேலைன்னு நாள் ஓடிப்போச்சு. இன்னைக்கும் எழுதுற எண்ணத்துல இல்ல. கோவம் வந்திருச்சு, அதான் உக்காந்துட்டேன்.

புதுசா வந்தவங்களுக்காக ஒரு வரி. என் தோட்டம் சோழவந்தான் பக்கம். பெரியாறு வாய்க்கால் பாசனம். ஒன்றரை ஏக்கர் பூவன் வாழை, கொஞ்சம் வெத்தலைக் கொடிக்கால், வரப்பு ஓரத்துல பத்துப் பதினஞ்சு மாமரம். விளையிறதுல முக்கால்வாசி ஏவாரி கையில போயிரும். மிச்சத்தை மதுரையில நாப்பது வீட்டுக்கு வாட்ஸாப் குரூப் வழியா நானே கொண்டுபோய்க் குடுக்கிறேன். மருந்தடிக்காத பழம்னு சொல்லித்தான் குடுக்கிறேன்.

போன வாரம் ஒரு அபார்ட்மெண்ட்ல மூணாவது மாடிக்கு ரெண்டு சீப்பு கொண்டுபோனேன். வழக்கமா வாங்குற அக்காதான். சீப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. தோல் மேல கறுப்புக் கறுப்பா மச்சம். ஒரு காம்புல லேசா பூசணம் மாதிரி வெள்ளை. "தம்பி, இயற்கைன்னு சொல்லிட்டு அழுகல் பழத்தைக் குடுக்குறீங்களே, வீட்டுல சின்னப் பிள்ளைக இருக்கு"ன்னு சொன்னாங்க. சத்தம் போடல, மரியாதையாத்தான் சொன்னாங்க. நானும் ஒண்ணும் பேசாம திருப்பி எடுத்துக்கிட்டேன். கீழ வந்தா, அதே அபார்ட்மெண்ட் வாசல் கடையில அவங்க வீட்டுப் பையன் வாழைப்பழம் வாங்கிட்டு நிக்கிறான். மஞ்சள்னா அப்பிடி ஒரு மஞ்சள். ஒரு புள்ளி இல்ல.

அந்த அக்கா மேல எனக்குக் கோவம் இல்ல. அந்த மஞ்சள் எப்பிடி வந்துச்சுன்னு அவங்களுக்கு யாரும் சொன்னதில்ல. நான் சொல்றேன், கேளுங்க.

தாரை வெட்டி, சீப்புச் சீப்பா அரிஞ்சு, தண்ணியில அலசுவாய்ங்க. அப்புறம் நீல டிரம்முல வெள்ளையா ஒரு கரைசல் கலக்கி வெச்சிருப்பாய்ங்க. அதுல சீப்பை முக்கி எடுத்து கிரேட்ல அடுக்கணும். அந்த வெள்ளைத் தண்ணி பெரும்பாலும் கார்பென்டாசிம். ரகசியம் ஒண்ணும் இல்ல. வாழைக்காயில கரும்புள்ளி வராம இருக்க கார்பென்டாசிம் கரைசல்ல முக்குன்னு நம்ம விவசாயக் கையேடுகள்லயே எழுதியிருக்கு. முக்கிக் காயவெச்சு, அப்புறம் எத்திலீன் அறைக்குள்ள போட்டா மூணு நாலு நாள்ல நீங்க வாங்குற மஞ்சள் வெளிய வரும்.

முக்குறது யாரு? எங்க ஊர்ல எங்க சின்னம்மா மாதிரி பொம்பளையாளுக. கையுறை கிடையாது. இருந்தாலும் அந்த வழுவழுப்புல சீப்பு கையில நிக்காதுன்னு கழட்டிப் போட்டுருவாங்க. சாயங்காலம் வந்து சோறு பிசையும்போது சின்னம்மா கையைப் பார்த்திருக்கேன். விரல் நுனியெல்லாம் வெளுத்து, தோல் உரிஞ்சு கிடக்கும். "தண்ணியில ஊறுன கை அப்பிடித்தான்டா இருக்கும்"னு சொல்லும். அது தண்ணியா மருந்தான்னு எனக்கும் நிரூபிக்கத் தெரியாது. ஐரோப்பாவுல இந்தக் கார்பென்டாசிமை மரபணுவையும் வயித்துப் பிள்ளையையும் பாதிக்கக்கூடியதுன்னு பட்டியல் போட்டு வெச்சிருக்காங்க, 2014 கடைசியோட அங்க அதுக்கு அனுமதியும் முடிஞ்சு போச்சு. 2012 ஜனவரியில பிரேசில் ஆரஞ்சுச் சாறுல இது இருக்குன்னு அமெரிக்காக்காரன் துறைமுகத்துலயே சரக்கை நிறுத்துனான். நம்ம நாட்டுல 2020 மே மாசம் 27 மருந்துகளைத் தடை பண்றதா மத்திய அரசு வரைவு ஆணை போட்டுச்சு. அந்த 27ல கார்பென்டாசிமும் உண்டு, மாங்கோசெப்பும் உண்டு. அப்புறம் கமிட்டி, மறுபரிசீலனை, ஆட்சேபணை. கடைசியில முழுத் தடை வந்தது விரல் விட்டு எண்ணுற மருந்துகளுக்குத்தான். கார்பென்டாசிம் இன்னைக்கும் உரக்கடையில அரிசி வாங்குற மாதிரி வாங்கிட்டு வரலாம்.

"தோலை உரிச்சுட்டுத்தானே சாப்பிடுறோம்"னு சொல்வீங்க. சரி. உரிச்ச கையாலதானே பிள்ளைக்கு ஊட்டுறீங்க? உரிச்ச தோலை மாடு திங்குதே? அதுக்கு முன்னாடி டிரம்முக்குள்ள கை விட்ட ஆளு எந்தக் கணக்குல வர்றாங்க?

சரி, மருந்து வேணாம், செடிகொடியில இருந்து எடுத்த பூஞ்சாணக் கொல்லி இருக்கேன்னு அடுத்த கோஷ்டி வரும். இவங்களோடதான் எனக்குப் பெரிய சண்டை. ஏன்னா நானும் அந்தக் கோஷ்டிதான்.

ஒவ்வொரு வாரமும் யாராவது ஒரு வீடியோ அனுப்புறீங்க. வேப்பெண்ணெய் தடவுனா பழம் ஒரு மாசம் கெடாது. பூண்டுச் சாறு தெளிச்சா தக்காளி அப்பிடியே இருக்கும். மஞ்சத்தண்ணியில முக்குனா பூசணமே வராது. நம்மாழ்வார் ஐயா படத்தை ஓரத்துல ஒட்டிருவாய்ங்க, அந்த மனுசன் 2013ல போய்ச் சேர்ந்துட்டாரு, வந்து மறுக்கவா போறாரு. இதை நம்பி வேப்பெண்ணெய் தடவுன வாழைப்பழத்தைத் தின்னு பார்த்திருக்கீங்களா? நான் தின்னுருக்கேன். கசப்பு காம்பு வழியா உள்ளயே போன மாதிரி இருக்கும், வாடை ரெண்டு நாளைக்குக் கையை விட்டுப் போகாது. பூண்டு நல்ல பூஞ்சைக்கொல்லிதான், சந்தேகமே இல்ல. ஆனா நசுக்கின உடனே வர்ற அந்தக் காரமான சத்து, அல்லிசின்னு பேரு, கொஞ்சம் கொஞ்சமா சிதைஞ்சு போயிரும். அரைச்சு வெச்சுட்டு அப்புறமா தெளிச்சா வீரியம் குறைஞ்சிருக்கும். மஞ்சள் தண்ணியில கரையாது. கிண்ணத்துல அடியில தங்குறதைத்தான் நீங்க கரைசல்னு நினைக்கிறீங்க.

நம்ம பாட்டன் பூட்டன் குதிருல வேப்பிலை போட்டு நெல்லு காத்தாங்களேன்னு கேப்பீங்க. காத்தாங்க. வேப்பிலை, நொச்சி, வசம்பு எல்லாம் போட்டாங்க. அது காஞ்ச தானியம், அங்க எதிரி வண்டும் அந்துப்பூச்சியும். தண்ணியும் சீனியும் நிறைஞ்ச பழத்துல எதிரி பூஞ்சாணம். ரெண்டையும் ஒண்ணாக் குழப்புறதுலதான் பாதி வீடியோ ஓடுது. எங்க அப்பத்தா தார் வெட்டுன காம்புல சாம்பலோ சுண்ணாம்போ வைக்கும், வெட்டுவாய் காயறதுக்கு. மறுநாளே உள்ளூர்ல பழுக்கப் போட்டு, நாலாம் நாள் வித்துத் தீர்க்கணும், அவ்வளவுதான் அதோட கணக்கு. சென்னைக்கு லாரி ஏத்துற பழத்துக்கு அப்பத்தா வைத்தியம் சொல்லிட்டுப் போகல.

இந்தக் கரும்புள்ளி எங்க இருந்து வருதுங்கிறதைக் கொஞ்சம் சொல்லணும், இல்லன்னா நான் சொல்றது எதுவும் புரியாது. பழம் பழுத்தப்புறம் வந்து ஒட்டுற நோய் இல்ல இது. காய் பச்சையா மரத்துல தொங்கும்போதே, மழைத் தண்ணியில பூஞ்சை வித்து வந்து தோல்ல விழுந்திரும். முளைச்சு, ஆணி அடிச்ச மாதிரி ஒரு பிடி போட்டு, மேல்தோலுக்குக் கீழ போய் உக்காந்துக்கும். அப்பிடியே தூங்கும். பச்சைக் காய்க்குள்ளயே அதை அடக்கி வைக்கிற சத்து இருக்கு. காய் பழுக்கப் பழுக்க அந்தச் சத்து குறையும், சீனி ஏறும். அப்பத்தான் அவரு கண்ணு முழிச்சு வேலையை ஆரம்பிப்பாரு. வாழைக்கு வர்றது ஒரு ஜாதி, மாம்பழத்துக்கு வர்றது அதே குடும்பத்துல இன்னொரு ஜாதி. காம்பழுகல் வேற கதை. அது வெட்டுவாய் வழியா, அழுக்குக் கத்தி வழியா, அலசுற ஊத்தைத் தண்ணி வழியா நுழையிறது.

கார்பென்டாசிம் ஏன் வேலை செய்யுதுன்னா, அது தோலுக்குள்ள ஊடுருவும். தூங்குறவரைத் தூக்கத்துலயே முடிச்சிரும். செடி எண்ணெய்க பெரும்பாலும் மேலோட தொட்ட இடத்துலதான் வேலை செய்யும், மிச்சம் ஆவியாப் போகும். இந்த வித்தியாசத்தை மறைச்சுட்டு ரெண்டும் ஒண்ணுதான்னு சொல்றவரு ஒண்ணு ஏமாந்தவரு, இல்ல ஏமாத்துறவரு. அதுக்காக மருந்துக்காரனும் ரொம்பத் துள்ள வேண்டாம். பூஞ்சையை ஒரே ஒரு இடத்துல அடிக்கிற மருந்து அது, அந்த இடத்தைப் பூஞ்சை மாத்திக்கிட்டா கதை முடிஞ்சுது. கார்பென்டாசிமுக்கு அசையாத பூஞ்சை உலகம் பூரா வந்தாச்சு. டிரம்முல கைப்பிடிப் பொடி ரெண்டு கைப்பிடி ஆனதுக்குக் காரணம் வேற என்ன?

அப்போ செடியில ஒண்ணுமே இல்லையான்னா, இருக்கு. நிறைய இருக்கு.

ஓமத்துல தைமால்னு ஒரு சத்து. பிள்ளைக்கு வயித்துவலின்னா ஓமத்தண்ணி குடுக்கிறோமே, அந்தக் காரம்தான். கிராம்புல யூஜினால். பட்டையில வேற ஒண்ணு, எலுமிச்சைப்புல்லுல சிட்ரால். எங்க கொடிக்கால் வெத்தலையிலயும் இதே கூட்டத்துச் சத்துக இருக்கு, அதான் தாத்தாக்க வாயில வெத்தலை போட்டதும் சுர்ருன்னு ஏறுறது. சோழவந்தான் வெத்தலைக்கு 2023ல புவிசார் குறியீடு குடுத்தாங்க, பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. விலை ஏறல, அது வேற பதிவு. இந்தச் சத்துக எல்லாமே பூஞ்சையோட மேல்தோலைச் சிதைச்சு, உள்ள இருக்கிறதை ஒழுக விடுற ஜாதி.

இதைச் சரியா செஞ்சு பார்த்தவங்க நமக்குப் பக்கத்துலயே இருக்காங்க. இலங்கையில அம்புல்னு ஒரு வாழைப்பழம். நம்ம பூவன் கூட்டத்தைச் சேர்ந்ததுதான், அதனாலதான் படிச்சப்போ எனக்குக் கை பரபரன்னு இருந்துச்சு. 2003ல களனிப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்க ரெண்டு வகைப் புல்லெண்ணெயையும் திருநீற்றுப்பச்சை எண்ணெயையும் அந்தப் பழத்துல தெளிச்சுப் பார்த்தாங்க. திருநீற்றுப்பச்சைன்னா, ஜிகர்தண்டாக் கடைக்குப் பக்கத்துல ஃபலூடாவுல போடுவாங்களே சப்ஜா விதை, அந்தச் செடி. லிட்டர் தண்ணிக்கு ஒன்றரை மில்லிக்குக் கொஞ்சம் மேல எண்ணெய். காம்பழுகலும் கரும்புள்ளியும் அடங்குச்சு, மூணு வாரம் வரைக்கும் பழம் தாங்குச்சு, ருசியும் கெடல. இது தட்டுல வளர்த்த பூஞ்சை மேல செஞ்ச சோதனை இல்ல, நிஜமான சீப்பு மேல.

ஆனா அந்த மூணு வாரமும் பழம் இருந்தது 13, 14 டிகிரி குளிர்ல. இந்த ஒரு வரியை எந்த வீடியோவும் சொல்லாது.

நானும் செஞ்சேன். கீழமாசி வீதி நாட்டு மருந்துக் கடையில கிராம்பு எண்ணெயும் ஓம எண்ணெயும் வாங்குனேன். சின்ன பாட்டிலுக்கே விலையைக் கேட்டதும் திரும்பி வந்துரலாமான்னு இருந்துச்சு. எண்ணெய் தண்ணியில கலக்கணுமே, பூந்திக்கொட்டையை ஊறவெச்சு அந்த நுரையில அடிச்சேன். முதல் தடவை, வர்றது வரட்டும்னு எண்ணெயைக் கூட ஊத்திட்டேன். ஒரு ராத்திரியில சீப்பு பூராவும் தோல் கருகி, தீயில வாட்டுன மாதிரி ஆயிருச்சு. இயற்கைதானே, கூடப் போனா என்னன்னு நினைச்ச புத்திக்குக் கிடைச்ச கூலி. அந்தச் சீப்புகளை மாட்டுக்கு வெச்சேன், மாடு மோந்து பார்த்துட்டுத் திரும்பிக்கிச்சு.

அளவைக் குறைச்சு அடுத்தடுத்து செஞ்சதுல, காம்புல பூசணம் நல்லாவே குறைஞ்சுது. தோல் மச்சம் கொஞ்சம்தான் குறைஞ்சுது. மொத்தத்துல என் கொட்டகைச் சூட்டுல எனக்குக் கிடைச்சது ரெண்டு நாள். அந்த ரெண்டு நாள் சாதாரண விசயம் இல்ல, வெட்டுன அன்னைக்கே ஏவாரி சொன்ன விலைக்குத் தலையாட்டாம நிக்கிறதுக்கு அது போதும். ஆனா மூணு வாரம் இல்ல. நல்லதுன்னு கண்டது எண்ணெயை விட, கத்தியைக் கொதி தண்ணியில போட்டு எடுத்ததும், அலசுற தண்ணியைத் தொட்டிக்குத் தொட்டி மாத்துனதும், வெட்டுன தாரை வெயில்ல கிடத்தாம வேப்ப மரத்தடிக்குக் கொண்டுபோனதும்தான். வரிசையா இதெல்லாம் செஞ்சதுக்கு மேல எண்ணெய் சேர்ந்தா பலன் தெரியுது. இது இல்லாம எண்ணெய் மட்டும்னா காசுக்குக் கேடு.

மாம்பழத்துக்கு இதை விட எளிசா ஒண்ணு இருக்கு. 52 டிகிரி சுடுதண்ணியில அஞ்சுலருந்து பத்து நிமிசம். தோலுக்கு அடியில தூங்குறவரைச் சூடு போய் எழுப்பி அனுப்பிரும். மருந்தும் வேண்டாம், மூலிகையும் வேண்டாம். அப்புறம் இன்னொரு சங்கதி, பேராதனைப் பல்கலைக்கழகத்துல கண்டது: மாங்காயோட பால் இருக்கே, காம்பை ஒடிச்சா பீச்சி அடிக்குமே, அதுலயே பூஞ்சையை அடக்குற சத்துக இருக்கு, பூஞ்சையோட சுவரைக் கரைக்கிற நொதியும் இருக்கு. பால் உள்ள தங்குன காய்க்கு நோய் குறைவு. தோல்ல பால் வழிஞ்சா கறை விழுந்து விலை போகாதுன்னு காம்பை ஒடிச்சுத் தலைகீழாக் கவுத்தி வடிச்சு விடுறதுதான் இன்னைக்குப் பழக்கம். மரம் குடுத்த மருந்தைத் தரையில வடிச்சுட்டு, கடையில போய் மருந்து வாங்குறோம். எதுக்கு? தோல் அழகா இருக்கணுமே!

இப்ப சர்க்கார் பக்கம் வருவோம்.

வேப்பெண்ணெய்ல பூஞ்சையை அடக்குற முறைக்கு அமெரிக்க விவசாயத் துறையும் ஒரு கம்பெனியும் சேர்ந்து 1994ல ஐரோப்பாவுல காப்புரிமை வாங்குனது ஞாபகம் இருக்கா? வந்தனா சிவாவும் மத்தவங்களும் வழக்குப் போட்டு, 2000 மே மாசம் மியூனிக்ல அதை ரத்து பண்ண வெச்சாங்க. அப்பீலும் 2005 மார்ச்சுல தோத்துச்சு. வேம்பு நம்மளதுன்னு நாடே கொண்டாடுச்சு, நானும் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில நின்னு கொண்டாடுனேன். சரிய்யா, ஜெயிச்சோம். அதுக்கப்புறம் இத்தனை வருசத்துல, பழத்துல கசப்பு ஏறாம, தோல் கருகாம, அறுவடைக்கு அப்புறம் முக்குறதுக்குன்னு அளவு போட்டு, ஒரு வேம்புப் பாட்டில் எங்க மண்டிக்கு வந்துச்சா? காப்புரிமை அவன்கிட்ட இருந்து புடுங்கியாச்சு. புடுங்கி நாம என்ன பண்ணுனோம்?

இந்தியா பூரா வேளாண் கல்லூரிகள்ல துளசிச் சாறு பத்து சதவீதம், வேப்பிலைச் சாறு பத்து சதவீதம், நொச்சிச் சாறு பத்து சதவீதம்னு தட்டுல பூஞ்சை வளர்த்து அளந்த ஆராய்ச்சி குவிஞ்சு கிடக்கு. பிள்ளைக உழைச்சுத்தான் எழுதுதுக, குறை சொல்லல. ஆனா தட்டுல அடங்குன பூஞ்சை குட்டியானை வண்டியில அடங்குமா? வெயில்ல ரெண்டு மணி நேரம் மாட்டுத்தாவணி வாசல்ல நின்னா என்ன ஆகும்? லிட்டருக்கு எத்தனை மில்லி, எத்தனை நிமிசம், கிலோவுக்கு எத்தனை பைசா செலவு? எங்களுக்கு வேண்டிய கேள்வி இதுதான். ஒத்தக்கடை விவசாயக் கல்லூரி 1965ல இருந்து இருக்கு, எங்க வீட்டுல இருந்து பஸ்ஸுல போயிட்டு வர்ற தூரம். திருச்சியில வாழைக்குன்னே தேசிய ஆராய்ச்சி மையம் 1993ல இருந்து இருக்கு. அங்க இருக்கிறவங்க அறிவாளிக. தாரை வெட்டுற களத்துக்கு வந்து ஒரு ஐப்பசி மாசம் பூரா எங்களோட நின்னு இந்த அளவுகளை முடிவு பண்ணிக் குடுங்கன்னுதான் கேக்குறேன்.

அப்பிடி யாராவது தயாரிச்சாலும் விக்க முடியாது. பூஞ்சை மருந்துன்னு பேர் போட்டா, 1968ம் வருசத்துப் பூச்சிமருந்துச் சட்டத்துல ஃபரீதாபாத்ல பதிவு வாங்கணும். சோதனை, அறிக்கை, கட்டணம். எங்க ஊர் மகளிர் குழு ஓம எண்ணெய் கலந்து பாட்டில்ல அடைச்சு விக்கணும்னா அந்த வழிதான். அமெரிக்காவுல கிராம்பு, பூண்டு, எலுமிச்சைப்புல், பட்டை எண்ணெய் மாதிரி சமையக்கட்டுச் சாமான்களுக்கு 1996லயே பதிவு தேவையில்லன்னு தனிப் பட்டியல் போட்டுட்டாங்க. நம்ம ஊரு சாமான், அவன் ஊர்ல சுதந்திரமாச் சுத்துது.

எதுக்குடா இவ்வளவு, நாட்டுல நாப்பது சதவீதம் காய்கனி அழுகிப் போகுதே, மருந்து போட்டாவது காப்பாத்த வேண்டாமான்னு டிவியில கேப்பாய்ங்க. அந்த நாப்பதை யாரு அளந்தாங்களோ. 2015ல மத்திய அறுவடைப்பின் தொழில்நுட்ப நிறுவனம் எடுத்த கணக்குல காய்கனி இழப்பு சுமாரா நாலரையில இருந்து பதினாறு சதவீதம். கொய்யா 15.88, தக்காளி 12.44. 2022ல எடுத்த அடுத்த கணக்குல கொய்யா 15.05, தக்காளி 11.61. ஏழு வருசத்துல ஒரு சதவீதம்கூட இறங்கல. மருந்து என்ன காப்பாத்துச்சு? கொய்யா அழுகுறது பூஞ்சையால மட்டும் இல்ல, சாக்குல திணிச்சு, மேல ஆள் உக்காந்து, லாரியில தூக்கி எறியறதுல. காயம் பட்ட இடத்துலதான் பூசணம் குடியேறும்.

இப்ப நான் சொல்லாம விட்டா நியாயம் இல்லாத ஒண்ணு.

போன வருசம் நானும் முக்குனேன். உங்க குரூப்புக்கு வந்த பழத்தை இல்ல, ஏவாரிக்குப் போன லோடை. கூட்டுறவுக் கடன் தவணை தலைக்கு மேல நின்னுச்சு. ஏவாரி களத்துக்கு வந்து, முக்காத லோடுன்னா கிலோவுக்கு அஞ்சு ரூவா குறைப்பேன், வழியில அழுகுனா அதையும் கழிப்பேன்னு சொன்னாரு. அவரு கெட்டவரு இல்ல. அவருகிட்ட வாங்குற கடைக்காரன் மச்சப் பழத்தை எடுக்க மாட்டான். அவன்கிட்ட வாங்குற நீங்க மச்சப் பழத்தைத் தொட மாட்டீங்க. அஞ்சு ரூவா அங்கிருந்து கீழ இறங்கி இறங்கி என் களத்துக்கு வந்து நின்னுச்சு. டிரம்மைக் கழுவி நானே பொடியைக் கலந்தேன். சின்னம்மாவுக்குக் கையுறை வாங்கிக் குடுத்தேன், அது கழட்டிப் போட்டுச்சு. நான் பார்த்துட்டுப் பேசாம இருந்தேன், லோடு ஏத்தணுமே.

அதனால இயற்கை விவசாயின்னு எனக்கு மாலை போட வேண்டாம். மச்சம்னா என்னன்னு தெரிஞ்சுக்கங்க, அது போதும். தோல்ல கறுப்புப் புள்ளி இருந்து உள்ள சதை வெள்ளையா, கெட்டியா, நல்ல வாசனையா இருந்தா அது தின்கிற பழம். மச்சம் குழிஞ்சு, சதைக்குள்ள பழுப்பு இறங்கி, புளிச்ச வாடை வந்தா, இல்ல உள்ளயே பூசணம் ஓடியிருந்தா, அதைத் தூக்கி எறிங்க. அதைத் தின்னுங்கன்னு நான் சொல்லவே மாட்டேன். காம்பு நுனியில மட்டும் வெள்ளைன்னா அந்தப் பழத்தை மட்டும் ஒதுக்கிட்டு மிச்சச் சீப்பை உடனே தனித்தனியாப் பிரிச்சு வெச்சிருங்க. அந்த அக்காகிட்ட அன்னைக்கு இதைச் சொல்லியிருக்கணும், வாய் வரல. திருப்பிக் கொண்டுவந்த ரெண்டு சீப்பையும் நானும் வீட்டுல பிள்ளைகளும்தான் தின்னோம். ஒரே ஒரு பழம்தான் கெட்டிருந்துச்சு.

ஊருக்கு ஒரு சுடுதண்ணித் தொட்டி, தார் அரியறதுக்கு நிழல் கொட்டகை, ஓடுற சுத்தத் தண்ணி, ஒரு சின்னக் குளிர் அறை. இவ்வளவு இருந்தா கிராம்பு எண்ணெய்க்கும் திருநீற்றுப்பச்சைக்கும் வேலை இருக்கு. இதைக் கேட்டு நாலு தடவை மனு எழுதியாச்சு. கடைசி மனுவுக்குப் பதிலா ஒரு பயிற்சி முகாமுக்குக் கூப்பிட்டாங்க, போனேன். சாப்பாடு நல்லா இருந்துச்சு. பழம் வெச்சாங்க, மச்சம் இல்லாத மஞ்சள் பழம்.

வர்ற வியாழக்கிழமை இருபது தார் வெட்டுறோம். குரூப்ல ரெண்டு வரி போட்டிருக்கேன்: முக்காத பழம், மச்சம் இருக்கும், நாலு நாளைக்குள்ள தின்னு முடிக்கணும், கடை விலையை விடக் கிலோவுக்கு மூணு ரூவா கூட. ஏன் கூடன்னு கேட்டவங்களுக்கு இந்தப் பதிவைத்தான் அனுப்பப் போறேன். எழுதி முடிக்கிற வரைக்கும் ஆறு வீடு பேர் குடுத்திருக்கு. மூணாவது மாடி அக்கா இன்னும் ஒண்ணும் சொல்லல, ஆனா படிச்சுட்டாங்க, நீல டிக் விழுந்திருச்சு.